வாங்காத வெள்ளைப் பெட்டி

இதை எனக்கு முதலில் சொன்னவர் பிரம்மசக்தி. அரசுப் பேருந்தில் நடத்துநராகப் பணிபுரியும் அவருக்கு இப்போது வயது இருபத்தைந்து. மீதிச் சில்லறையைப் பயணியின் உள்ளங்கையில் வைக்காமல், தம் விரித்த கையில் வைத்து நீட்டி, அவரவரே எடுத்துக்கொள்ளும்வரை காத்திருப்பவர். தென்காசிச் சாலையில் பேருந்து பழுதாகி நின்ற ஒரு பிற்பகலில், மாற்று வண்டி வரும்வரை, என் பக்கத்து இருக்கையில் அமர்ந்து அவர் இதைச் சொன்னார். பிறகு இது நடந்த குடியிருப்புக்கே சென்று வேறு மூவரிடம் கேட்டுச் சரிபார்த்தேன். மூவரும் கிழமையில் மாறுபட்டார்கள், மாதத்தில் மாறுபட்டார்கள், யார் முதலில் அழுதது என்பதில் மாறுபட்டார்கள். தொகையில் மட்டும் ஒருவரும் மாறுபடவில்லை.

குடியிருப்பின் பெயர் சாரதி நகர். முப்பத்தைந்து வீடுகள், அத்தனையும் பேருந்து ஓட்டுநர்கள், நடத்துநர்கள் வீடுகள். முன்னால் நாற்கரச் சாலை; சாலைக்கு அப்பால் கடைவீதி; கடைவீதியில், அரை மணி நேரத்துக்கு ஐந்து ரூபாய் வாங்கிக்கொண்டு வீடியோ கேம் ஆடவிடும் ஒரு கடை. அந்த ஐந்து ரூபாயைக் கையில் இறுக்கிக்கொண்டு சாரதி நகரின் பிள்ளைகள் நாள்தோறும் மாலையில் அந்தச் சாலையைக் கடந்தார்கள், லாரிகளுக்கு நடுவே கடந்தார்கள், மழையிலும் கடந்தார்கள். அவர்களுடைய தகப்பன்மார் அதே நேரத்தில் வேறு ஊர்களின் சாலைகளில், வேறு பிள்ளைகள் குறுக்கே வந்துவிடக் கூடாதே என்று பிரேக்கின்மேல் கால் வைத்தபடி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஐப்பசியில் ஒருநாள் சாலையின் நடுவே ஒரு சிறு செருப்பு நசுங்கிக் கிடந்தது. செருப்புக்குரிய பிள்ளை நடுத்திட்டில் பத்திரமாக நின்றுகொண்டிருந்தான். ஆனாலும் அன்று மாலையே மன்றத்தில் கூட்டம் கூடி, வீட்டுக்கு அறுநூறு ரூபாய் போட்டு, குடியிருப்புக்கென்று சொந்தமாக ஒரு கேம் பெட்டி வாங்கிவிடுவது என்று முடிவாயிற்று. பிள்ளைகள் விளையாட்டைத் தேடிச் சாலையைக் கடக்க வேண்டாம். விளையாட்டே இந்தப் பக்கம் வந்துவிடட்டும்.

எந்தப் பெட்டி என்பதுதான் முடிவாகவில்லை. அந்த ஆண்டு கடைகளுக்குப் புதிதாக வந்திருந்தவை இரண்டு. ஒன்று கறுப்பு, கண்ணாடிபோல் மினுங்கும், கனமானது, அதில் வண்டிப் பந்தயம் ஆடினால் திரையில் தெரியும் சாலையில் குழியும் நிழலும்கூட மெய்யாகவே இருக்கும். மற்றொன்று வெள்ளை, ஒரு நோட்டுப் புத்தகத்தின் அளவே ஆனது, கையில் ஒரு குச்சியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி வீசி ஆடவேண்டியது, நால்வர் சேர்ந்து ஆடலாம், மன்றத்திலிருந்த பழைய குண்டு டிவியே அதற்குப் போதும். ஓட்டுநர்கள் அனைவரும் கறுப்பைக் கேட்டார்கள். நடத்துநர்கள் அனைவரும் வெள்ளையைக் கேட்டார்கள்.

"பிள்ளைய நாள் பூரா உக்காந்தே கெடக்கணுமாக்கும்? வெள்ளைன்னா கையக் கால ஆட்டிட்டாவது நிக்கும்" என்றார் சுடலைமணி. அவர் நடத்துநர், ஏழு வயது பிரம்மசக்தியின் தகப்பனார்.

"உக்காந்தா என்ன கெட்டுப்போச்சு? நாங்க ஆயுசு பூரா உக்காந்தேதான் சம்பாதிச்சோம்" என்றார் ஓர் ஓட்டுநர்.

"நீங்க உக்காந்திய. நாங்கதான நின்னோம்."

"நின்ன காலுக்குக் குச்சி கேக்குதோ?"

மன்றச் செயலாளர் தளவாய், ஓய்வுபெற்ற பயணச்சீட்டுப் பரிசோதகர். நிறைந்த பேருந்துக்குள் ஏறி ஒருமுறை பார்த்தாலே எத்தனை தலைகள் என்று சொல்லக்கூடியவர். அவர் கைகளை எண்ணினார். கறுப்புக்குப் பதினேழு, வெள்ளைக்குப் பதினேழு. கையைத் தூக்காமல் இருந்தது ஒரு வீடு மட்டும்: ஓட்டுநர் ஒருவரின் கைம்பெண்ணும், நடத்துநர் வேலைக்கு எழுதிப்போட்டுவிட்டுக் காத்திருக்கும் மகனைப் பெற்றவருமான உலகம்மாளின் வீடு.

"உலகம்மா, நீ சொல்லு. உன் கைதான் பாக்கி" என்றார் தளவாய்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான் அண்ணாச்சி" என்றார் உலகம்மாள்.

பின்னாளில் அந்தச் சொல்லை அவர் எத்தனை முறை திரும்பச் சொல்லிப் பார்த்தார் என்பதை அவரைத் தவிர யாரும் அறியார்.

ஆகவே பூக்கேட்பது என்றானது. சாரதி நகரின் மேற்கு மூலையில் வண்டிமறிச்சியம்மன் கோயில் இருக்கிறது. மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்திருக்கும் சுதை உருவம். புது வண்டி எடுக்கவும், இடமாற்றம் கேட்கவும், பெண் கொடுக்கவும், பெண் எடுக்கவும் அங்கேதான் பூக்கேட்பார்கள். நந்தியாவட்டை ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம், இரண்டையும் வாழையிலைக் கிழிசலில் ஒன்றுபோலக் கட்டி அம்மன் வயிற்றின்மேல் வைத்தால், பத்து வயதுக்குட்பட்ட ஒரு பிள்ளை வந்து ஒன்றை எடுக்கும். மீந்த பொட்டலத்தைப் பிரிக்கமாட்டார்கள். காரியம் முழுமையாக முடிந்து, அதன் கொடுக்கல் வாங்கல் யாவும் தீரும்வரை அது அம்மன் காலடியிலேயே கிடக்கும். ஏனெனில், காரியம் தீராதவரை, கேட்டதைத் திருப்பிக் கேட்க உரிமையுண்டு. திருப்பிக் கேட்கும்போது தேர்வு இல்லை. முதலில் எடுத்த அதே கை, மீந்த பொட்டலத்தை எடுத்துக் கொடுக்கவேண்டும். கொடுத்ததும் முதற்கேள்வி கேட்கப்படாததாக ஆகிவிடும். இதெல்லாம் பூசாரி பூலுடையாருக்குத் தெரியும், பிறருக்கும் தெரியும். ஆனால் ஒரு விளையாட்டுப் பெட்டிக்காகப் பூக்கேட்ட அந்த வெள்ளிக்கிழமையில் யாரும் அதை நினைக்கவில்லை. வேடிக்கையாகவே கேட்டார்கள், வேடிக்கையாகவே பிரம்மசக்தியைத் தூக்கி நிறுத்தினார்கள். வெள்ளைப் பூவுக்கு வெள்ளைப் பெட்டி, சிவப்புக்குக் கறுப்பு.

பிரம்மசக்தி எடுத்தது செவ்வரளி.

சுடலைமணி மகளைப் பார்த்து, "ஏட்டி, அப்பன் கட்சியத் தோக்கடிச்சுட்டியே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

வெள்ளைப் பெட்டி எதிரே கடைவீதியிலேயே கிடைத்தது. கறுப்பு கிடைக்கவில்லை, மதுரையில்தான் இருப்பதாகச் சொன்னார்கள். உலகம்மாளின் மகன் செண்பகராமன், இருபத்து மூன்று வயதுப் பிள்ளை, தானே போய் வாங்கிவருவதாகச் சொன்னான். போவதற்கு முதல்நாள் மாலை, குடியிருப்பின் பிள்ளைகள் சண்டையிடாமல் ஆடுவதற்கென்று, இருபத்து மூன்று பெயர்களை முறைப்படி ஒரு தாளில் எழுதி, மன்றத்தின் வடக்குச் சுவரில் ஒட்டினான். பதினான்காவது பெயர் பிரம்மசக்தி. மறுநாள் மதுரையிலிருந்து தளவாய்க்குத் தொலைபேசியில் சொன்னான்: "மாமா, வெல கூடிருக்கு. இருவத்திரெண்டாயிரத்து அறுநூத்தி நாப்பது. நம்ம கைல இருவத்தோராயிரம்தான இருக்கு. மிச்சத்த நான் போட்டு வாங்கிட்டு வாரேன், பொறவு தாங்க."

"தந்துருவோம்ல. வா" என்றார் தளவாய்.

அன்று மாலை ஐந்தரை மணிக்குச் செண்பகராமன் எதிர்ப்புறம் பேருந்தைவிட்டு இறங்கினான். பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு சாலையில் கால் வைத்தான். பாதிச் சாலைவரை வந்தான். லாரி நிற்கவில்லை. பெட்டியின் அட்டையில் ஒரு கீறல்கூட விழவில்லை. அதன்மேல் ஒட்டியிருந்த விலைச்சீட்டுகூடக் கசங்கவில்லை.

மூன்றாம் நாள் தளவாய் ஓர் உறையில் பணத்தை வைத்து உலகம்மாளிடம் கொண்டுபோனார். உலகம்மாள் உறையைத் தொடவில்லை.

"அது அவன் குடுத்த ரூவா. அவன் வந்து வாங்கிக்கிடுவான்."

துக்கம் அப்படிப் பேசவைக்கிறது என்று எண்ணித் தளவாய் உறையை மன்றத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், உலகம்மாளே வந்து, "பெட்டிய எதுக்குச் சும்மா வச்சிருக்கிய? அவன் பிள்ளைகளுக்குன்னுதான வாங்குனான். ஆடட்டும்" என்றார். அவருடைய முகத்தைப் பார்க்காமல் பெட்டியைத் திறந்தார்கள், கம்பிகளை மாட்டினார்கள், ஆறரை மணிக்குச் சொடுக்கைத் தட்டினார்கள். திரையில் சாலை வந்தது. அதே கணத்தில், கருவேலங்காட்டைத் தவிர வேறெதுவும் இல்லாத வடக்குச் சுவரின் அப்புறத்திலிருந்து, பந்து ஒன்று மட்டையில் பட்டுத் திரும்பும் ஓசை கேட்டது. டொக், டொக் என்று, நால்வர் குச்சிகளை வீசி ஆடும் ஓசை. வாங்காத வெள்ளைப் பெட்டியின் ஓசை. அதற்குமேல் செண்பகராமனின் சிரிப்பு கேட்டது.

சிலர் சுவரைச் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தார்கள். முள்ளும் மணலும் இருந்தன. திரும்பி வந்து உட்கார்ந்து கேட்டார்கள். அந்தப் பக்கம் இருந்தது சாரதி நகரேதான். பூக்கேட்டு, வெள்ளைப் பூ வந்து, வெள்ளைப் பெட்டியைக் கடைவீதியில் வாங்கிய சாரதி நகர். அங்கே நடத்துநர்கள் வென்றிருந்தார்கள். வென்றதைத் தினமும் சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

முதல் வாரம் பயந்தார்கள். இரண்டாம் வாரம் நாற்காலிகளைச் சுவரை நோக்கித் திருப்பிப் போட்டார்கள். மூன்றாம் வாரத்தில் பெண்கள் முருங்கைக்கீரையை முறத்தோடு கொண்டுவந்து சுவரோரம் அமர்ந்து ஆய்ந்தபடி கேட்டார்கள். சுண்டல் விற்பவர் கடைவீதியை விட்டுவிட்டு மன்றத்து வாசலுக்கு வந்தார். பிள்ளைகள் கறுப்புப் பெட்டியின் ஒலியை முழுவதும் குறைத்துவிட்டு, ஓசையற்ற சாலைகளில் ஓசையற்ற வண்டிகளை ஓட்டப் பழகினார்கள், அந்தப் பக்கத்துப் பந்தின் ஓசை பெரியவர்களுக்குத் தடையின்றிக் கேட்கவேண்டும் என்பதற்காக. ஓட்டுநர்கள் மாலைப் பணியைக் காலைப் பணியாக மாற்றி எழுதி வாங்கினார்கள். பணிமனையில் காரணம் கேட்டவர்களிடம், வீட்டில் ஆள் வந்திருப்பதாகச் சொன்னார்கள். அது பொய்யென்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

தம் குரலைத் தாமே கேட்பதில் சிலருக்குப் பெருமை, சிலருக்கு எரிச்சல்.

"அங்க இருக்க தளவாயும் இதே கத்துதான் கத்துதாரு" என்றார் ஒரு பெண்.

"கத்தாம? அங்கயும் நீங்கதான இருக்கிய" என்றார் தளவாய்.

அந்தப் பக்கத்துத் தளவாய், நாற்கரச் சாலையில் சுரங்கப்பாதை வேண்டுமென்று ஆட்சியருக்கு மனு எழுதி, அதை மன்றத்தில் உரக்கப் படித்தார். இந்தப் பக்கத்துத் தளவாயும் செண்பகராமன் இறந்தபின் அதே மனுவை எழுதியிருந்தார். சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருப்பதைக் கேட்டு அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். செண்பகராமன் உயிரோடிருக்கும் அந்தப் பக்கத்தில் எதற்காக அந்த மனு என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை.

உலகம்மாள் நாற்காலியில் அமரவில்லை. சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் அமர்ந்தார். நாள்தோறும் ஆறரை மணிக்கு அவருடைய மகன் அந்தப் பக்கத்தில் முறைப்பட்டியலைப் படிப்பான். பிள்ளைகள் ஒவ்வொருவராக "உள்ளேன்" என்பார்கள். பிறகு பந்தின் ஓசை தொடங்கும். "குச்சிய விட்டுராதிய, கயித்தக் கையில மாட்டுங்கல" என்பான். "கரண்டு போறதுக்குள்ள ஆடி முடிங்க" என்பான். நாற்பது நாட்கள் உலகம்மாள் இதைக் கேட்டார். அழவில்லை. அழுதால் ஒரு சொல் கேட்காமல் போய்விடும். நாற்பதாம் நாள் எழுந்துபோய்ப் பூலுடையாரைக் கேட்டார்.

"கேட்டதத் திருப்பிக் கேக்கலாமா?"

"காரியம் தீரலன்னா கேக்கலாம் தாயீ."

"தீந்துருக்கா?"

பூலுடையார் அம்மன் காலடியைப் பார்த்தார். அங்கே நந்தியாவட்டைப் பொட்டலம் பிரிக்கப்படாமல் கிடந்தது. மன்றத்து அலமாரியில் உறை கிடந்தது. "பெட்டிக்குக் குடுத்த பணத்துல ஒரு பங்கு இன்னும் திரும்பல. வாங்குன காரியம் தீரல" என்றார். "வர்ற வெள்ளிக்கிழமை கேக்கலாம். புள்ள அந்தப் பொட்டலத்த எடுத்து ஒங்க கைல குடுத்தாப் போதும். செவப்புப் பூ எடுக்கவே இல்லைன்னு ஆயிரும்."

சாரதி நகர் அந்த வாரம் கல்யாண வீடு போலிருந்தது. திங்கட்கிழமை கோயிலுக்கு வெள்ளையடித்தார்கள். ஓட்டுநர்கள்கூட, கறுப்பு போனால் போகிறது, வெள்ளையே இருக்கட்டும், பிள்ளை திரும்பினால் போதும் என்றார்கள். உலகம்மாள் மகனுடைய சட்டைகளைத் துவைத்துக் கொடியில் போட்டார். முப்பத்தைந்து வீடுகளும் அந்தச் சட்டைகள் காற்றில் ஆடுவதைப் பார்த்தன.

செவ்வாய்க்கிழமை மாலை, சுவருக்கப்பால் பெயர்கள் படிக்கப்பட்டு முடிந்ததும், பிரம்மசக்தி தன் தகப்பனாரின் சட்டையை இழுத்துச் சொன்னாள்: "அப்பா, செம்பகண்ணன் என் பேர மட்டும் வாசிக்கவே மாட்டேங்காவ."

"வாசிப்பான்ட்டி. உனக்குக் கேட்டிருக்காது."

"தெனமும் கேக்கேன். மாடத்தி பேர வாசிக்காவ. பொறவு சும்மா இருக்காவ. பொறவு ராஜகோபால் பேரு."

பதின்மூன்றாவது பெயருக்கும் பதினைந்தாவது பெயருக்கும் நடுவே செண்பகராமன் கொஞ்சம் நிறுத்துவதை எல்லாரும் நாற்பது நாட்களாகக் கேட்டிருந்தார்கள். மூச்சு வாங்குகிறான் என்று நினைத்திருந்தார்கள். மறுநாள் மாலை தளவாய் சுவருக்குப் பக்கத்தில் நின்று, கண்களை மூடிக்கொண்டு, நிறைந்த பேருந்தில் தலைகளை எண்ணுவதுபோல் அந்தப் பக்கத்துப் பிள்ளைகளின் குரல்களை எண்ணினார். ஒருமுறை எண்ணி, மறுமுறையும் எண்ணினார். இருபத்திரண்டு. ஒரு தலை குறைந்தது. அப்போதுதான் அந்தச் சுரங்கப்பாதை மனு அவருக்கு நினைவு வந்தது. அதில் "இனியும் ஓர் உயிர் போகாதிருக்க" என்று ஒரு வரி இருந்தது. அந்த வரி இரண்டு மனுக்களிலும் இருந்தது. வெள்ளைப் பெட்டியை வாங்க எல்லாரும் கடைவீதிக்குப் போனபோதா, வாங்கித் திரும்பியபோதா, எப்போது அந்த ஒரு தலை குறைந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. சாலை ஒன்றுதான். அது எந்தப் பக்கத்திலும் சும்மா இருக்கவில்லை.

அன்றிரவு சாரதி நகரில் வெள்ளிக்கிழமையை வேண்டாமென்று உலகம்மாளிடம் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. வேண்டும் என்று சுடலைமணியிடம் சொல்லவும் வாய் வரவில்லை. பூலுடையார் மட்டும், கேட்பவர் கேட்டால் மறுக்கத் தமக்கு உரிமையில்லை என்று, கேட்காதவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

வியாழக்கிழமை விடியலில், பணிக்குப் போகும் முன், சுடலைமணி உலகம்மாள் வீட்டு வாசலுக்கு வந்தார். பணப்பை தோளில் இருந்தது.

"அக்கா."

"உள்ள வந்து உக்காரு தம்பி."

"நிக்கேன். நின்னே பழகிப்போச்சு."

உலகம்மாள் கொடியிலிருந்த சட்டையை மடித்துக்கொண்டிருந்தார், நிறுத்தவில்லை.

"நாளைக்கு எத்தன மணிக்குன்னு கேட்டுட்டுப் போவலாம்னு வந்தேன்" என்றார் சுடலைமணி.

"ஆறு மணிக்கு."

"புள்ளைக்கு நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டு. அனுப்பவா, வீட்டுலயே வச்சுக்கிடவா? அத மட்டும் சொல்லுங்க. அவ அம்மை சோறு கட்டணும்."

உலகம்மாளின் கை சட்டைப் பொத்தானில் நின்றது. பதிலுக்கு நிற்காமல் சுடலைமணி, "நாரோல் வண்டி. பொழுதடஞ்சுதான் வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பள்ளிக்குப் போகும் வழியில் பிரம்மசக்தி அதே வாசலில் நின்றாள்.

"நான் பூவ எடுத்துக் குடுத்தா செம்பகண்ணன் வந்துருவாவளா அத்தை?"

"வருவான்."

"அப்ப என் முறைய யாருக்குக் குடுப்பிய? மாடத்திக்குக் குடுக்காதிய. அவ ஏற்கெனவே ரெண்டு தடவ ஆடுதா."

அன்று மாலை உலகம்மாள் வழக்கம்போல் சுவரில் முதுகைச் சாய்த்து அமர்ந்தார். மன்றம் நிறைந்திருந்தது, ஆனால் நாற்காலிகள் சுவரை விட்டு விலகியிருந்தன. ஆறரைக்கு முன்னால், அப்புறத்தில், தம் முதுகுக்கு நேர் பின்னே, யாரோ அமரும் ஓசையை அவர் கேட்டார். பிறகு ஓர் இருமல் கேட்டது. பல ஆண்டுகளாக டீசல் புகையில் நின்றவர்களுக்கு வரும் வறண்ட இருமல், சுடலைமணியின் இருமல். இந்தப் பக்கத்துச் சுடலைமணி அப்போது நாகர்கோவில் வண்டியில் இருந்தார்.

இந்தப் பக்கத்தில் தளவாய், நாள்தோறும் செய்வதுபோல், சுவரில் ஒட்டிய தாளிலிருந்து பெயர்களைப் படிக்கத் தொடங்கினார். பதின்மூன்றாவது பெயர் வந்ததும் சுவருக்கப்பால் இருமல் நின்றது. மூச்சும் நின்றது. "பிரம்மசக்தி" என்றார் தளவாய். "உள்ளேன்" என்றாள் பிரம்மசக்தி. அப்புறத்தில் அடக்கியிருந்த மூச்சு மெல்ல, மிக மெல்ல வெளியே வந்தது.

உலகம்மாள் அப்போது அறிந்தார். இந்த நாற்பது நாட்களும் அந்த மனிதர் அங்கே வந்திருக்கிறார். வேறெதையும் கேட்க வரவில்லை, ஒரு சொல்லைக் கேட்க வந்திருக்கிறார். கேட்டுவிட்டு எழுந்து போயிருக்கிறார். இன்னொன்றையும் அறிந்தார். அந்தப் பக்கத்து உலகம்மாளின் குரல் ஒருநாளும் சுவரோரம் கேட்டதில்லை. அவளுக்குச் சுவரோரம் வேலையில்லை. அவள் வீட்டில் இருப்பாள், உலையில் அரிசி போட்டிருப்பாள், மகன் இன்னும் வரவில்லையே என்று கடிந்துகொண்டிருப்பாள். நாளை ஆறு மணிக்கு இவர் அந்த அடுப்படிக்குள் போய்விடலாம். சுவரோரத்து இடம் அப்போதும் காலியாக இருக்காது. ஆள்தான் மாறும், சாய்ந்த முதுகு மாறாது.

எழுந்து, சுவரிலிருந்து தாளைப் பிய்த்து எடுத்தார். மகனின் கையெழுத்து. "அண்ணாச்சி, நான் ஒருதடவ வாசிக்கேன்" என்றார். முதற்பெயரிலிருந்து படித்தார். பள்ளிக்கூடத்துக்கு அதிகம் போகாதவர். எழுத்துக் கூட்டிப் படித்தார். பிள்ளைகள் ஒவ்வொருவராக "உள்ளேன்" என்றார்கள். சுவருக்கப்பால் பந்தின் ஓசை நின்றுவிட்டது. அங்கேயும் நாற்காலிகள் இழுபடும் ஓசை கேட்டது. அங்கேயும் எல்லாரும் சுவரைப் பார்த்துத் திரும்புகிறார்கள் என்பது இங்கே எல்லாருக்கும் தெரிந்தது.

"பிரம்மசக்தி."

"உள்ளேன்."

"கிட்ட வா. சொவத்துக்கிட்ட வந்து சொல்லு. பிரம்மசக்தி."

பிரம்மசக்தி வந்தாள். சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "உள்ளேன்" என்றாள்.

அப்புறத்தில் யாரோ அழத் தொடங்கினார், ஆணின் அழுகை. அதற்குமேல் ஒரு குரல் கேட்டது. செண்பகராமன் குரல். "சுடலை மாமா, எந்திரிங்க. வாங்க வீட்டுக்கு. அம்மா ஒங்களுக்கும் சேத்துத்தான் சோறு வச்சிருக்கா."

உலகம்மாள் அதைக் கேட்டார். தலையை ஒருமுறை அசைத்தார், யாரோ தம்மைக் கேட்டு உத்தரவு வாங்கியதுபோல. மற்ற ஒன்பது பெயர்களையும் படித்து முடித்தார். தாளை நான்காக மடித்தார்.

"அண்ணாச்சி, அந்தக் கவர எடுத்துட்டு வாங்க."

தளவாய் அலமாரியைத் திறந்தார். உறையைக் கொண்டுவந்து நீட்டினார். உலகம்மாள் வாங்கவில்லை. "பூ எடுத்த கைதான குடுக்கணும். அவ குடுக்கட்டும்" என்றார்.

பணம் முழுவதும் உலகம்மாள் கையில் சேரும்வரை சுவருக்கப்பால் குரல்கள் கேட்டுக்கொண்டுதான் இருந்தன என்கிறார் பிரம்மசக்தி. செண்பகராமன் பிள்ளைகளை வரிசையில் நிற்கச் சொல்லிக்கொண்டிருந்தான். குச்சியின் கயிற்றை மாட்டச் சொல்லிக்கொண்டிருந்தான். டொக் என்று முதற்பந்து கேட்டது. இரண்டாவது பந்து கேட்கவில்லை. அதற்குப் பிறகு அந்தச் சுவர் வெறும் சுவர். பூலுடையார் கோயிலுக்குப் போனபோது நந்தியாவட்டைப் பொட்டலம் பிரிந்து, பூக்கள் இரண்டு மாதப் பழமையோடு கறுத்துக் கிடந்தன. கறுப்புப் பெட்டியைச் சாரதி நகரின் பிள்ளைகள் இன்னும் ஆறு ஆண்டுகள் ஆடினார்கள். ஒலியைக் கூட்ட மட்டும் யாரும் துணியவில்லை. சுரங்கப்பாதை இன்னும் வரவில்லை.

அன்று மாலை அந்த ஏழு வயதுப் பிள்ளை உறையைப் பிரித்தாள். எதை முதலில் கொடுப்பது என்று தெரியாமல், எல்லாவற்றையும் விரித்த கையில் வைத்து நீட்டிக்கொண்டு நின்றாள். உலகம்மாள் ஒவ்வொரு தாளாக, தாமே எடுத்து, வாய்விட்டு எண்ணி, முந்தானையில் முடிந்துகொண்டார்: ஐந்நூறு ரூபாய்த் தாள் மூன்று, நூறு ரூபாய்த் தாள் ஒன்று, இருபது ரூபாய்த் தாள் இரண்டு, ஆக ஆயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய்.